இரண்டு முறை உள்ளே போன சேலை

மார்கழி, வியாழன் இரவு

வேலை கிடைக்குமோ தெரியாது. ஆனால் இன்று வென்றது நான்தான்.

ஆசிரியர் நேர்முகத்துக்கு நானும் மச்சாள் ராணியும் மூதூரிலிருந்து கடல் வழியே லோஞ்சுப் படகில் திருகோணமலைக்குப் போனோம். அவள் கட்டியிருந்தது கஞ்சி போட்ட தனிப் பருத்திச் சேலை. என்னுடையது பொலியெஸ்டர் கலந்த பருத்தி.

"உதென்ன மச்சாள், பிளாஸ்டிக் சாறி?" என்று ஏறும்போதே நக்கலடித்தாள். கரண்டே இல்லாத ஊரில் அயன் தேவைப்படாத துணியின் அருமை அவளுக்கு விளங்கவில்லை.

நடுக்கடலில் ஓர் அலை இருவரையும் தோய்த்துவிட்டது. இறங்குதுறையில் ஆமிச் சிப்பாய்களின் சோதனை வரிசை நகர்வதற்குள் என் சேலை காற்றிலேயே காய்ந்துவிட்டது. ஒரு கசங்கல் இல்லை. அவளுடையது கஞ்சி கரைந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

"இந்தக் கோலத்தில உள்ள போக ஏலாது" என்று நேர்முக அறை வாசலில் அழுதாள்.

முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். முடித்து வந்ததும் அவளைக் கழிப்பறைக்கு இழுத்துப்போய்ச் சேலையை மாற்றிக் கட்டிவிட்டேன். அவளுடைய ஈரச் சேலையில் நடுங்கிக்கொண்டு கதவோரம் நின்றேன்.

உள்ளே அதிகாரி ராணியிடம் கேட்டார்: "ரெண்டு பேரும் ஒரே கடையிலயோ சாறி எடுத்தனீங்கள்?"

"ஓம் சேர். மச்சாள்தான் தெரிஞ்செடுத்தவ. நல்ல துணி."