பாட்டு அறையின் மதிப்பெண்

ஜூலை 8
அறிவியல் கண்காட்சிப் போட்டிக்கு ஆராய்ச்சியாம். 'மாணவர்களே தலைமையேற்று நடத்துவது' என்று தலைமையாசிரியை மைக்கில் முழங்கியபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் வகுப்பு டாக்டர் மகனின் ஆராய்ச்சியை அவன் அப்பாதான் செய்யப்போகிறார். இவன் கோட்டு மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பான். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்த ஜோடி தூங்குமூஞ்சி. பெயரைப் படித்ததும் என்னைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டாள். விளங்கிடும்.

ஜூலை 15
தலைப்பு என்னுடையது: பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தால் மனப்பாடம் ஏறுமா? ஏறும். இதில் என்ன சந்தேகம்? ஒன்பதாம் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஓர் அறையில் மட்டும் பாட்டுப் போட்டோம். இரண்டிலும் ஒரே சொற்களைப் படிக்கக் கொடுத்து, பார்க்காமல் எழுதச் சொன்னோம். இரண்டு அறைக்கும் ஒரே மதிப்பெண். மண்டூகங்கள்.

ஜூலை 22
திரும்பச் செய்தோம். அதே கதை.

ஜூலை 23
உயிரியல் மிஸ்ஸிடம் காட்டினேன். "இத வச்சுக்கிட்டு என்னம்மா பண்றது? நடுவருங்களுக்கு வித்தியாசம் தெரியணும். கொஞ்சம் முன்னப்பின்ன போட்டுக்கோ."
"ஏறலன்னே போடலாமே, மிஸ்" என்றாள் தூங்குமூஞ்சி. இவளுக்கென்ன? பரிசு வாங்கிப் பழக்கமிருந்தால்தானே.
மதிப்பெண்களைப் பட்டைப் படமாக வரைவது என் வேலை. பாட்டு அறையின் பட்டையை மட்டும் உயரமாக வரைந்தேன். இது ஏமாற்று வேலையா? மிஸ்ஸே சொல்லியாச்சு. அப்புறம் என்ன?

ஆகஸ்ட் 2
கண்காட்சி. நடுவர் எங்கள் படத்தைப் பார்த்து, "அட!" என்றார். அந்த நேரம் பார்த்து ஒன்பதாம் வகுப்புக் குட்டச்சி ஒருத்தி தலையை நீட்டினாள். "ரெண்டு ரூமுக்கும் ஒரே மார்க்குன்னு அந்த அக்கா சொன்னாங்களே?"
தூங்குமூஞ்சி சொல்லித் தொலைத்திருக்கிறாள் — பிள்ளைகள் கேட்டார்களாம்!
மிஸ் சட்டென்று திரும்பி அடுத்த மேசையை ஆராயத் தொடங்கிவிட்டார். சீ! நீங்கதானே மிஸ் மாத்தச் சொன்னீங்கன்னு கத்தணும் போல இருந்துச்சு. வரைஞ்ச கை என்னோடது. எந்த வாய வச்சுக் கத்துறது?
"எதும்மா சரி?" என்றார் நடுவர்.
"அந்தப் பொண்ணு சொல்றதுதான் சார்."
தூங்குமூஞ்சி படத்தைக் கழற்றிச் சுருட்டினாள்.

ஆகஸ்ட் 3
"பரிசு யாருக்குடி?" என்றாள் அம்மா.
டாக்டருக்கு.

ஆகஸ்ட் 19
போட்டி முடிந்த பிறகு மிஸ் எங்கள் பக்கமே வருவதில்லை. நல்லதாயிற்று. இன்று எட்டாம் வகுப்பை வைத்து அதே பாட்டுச் சோதனை. நான் கூப்பிடாமலே தூங்குமூஞ்சியும் வந்து நாற்காலிகளைப் போட்டாள். விடைத்தாள்களைத் திருத்தி அவளிடம் நீட்டினேன்.
"மார்க்கை நீயே கூட்டேன்டி."
"வேணாம். நீ கூட்டு" என்றேன்.