ஸ்பானரின் மற்றப் பாதி

உன்னைக் கொன்றது ஒரு ஸ்பானர். அது உடையும் என்று அதை உன் கையில் கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

அதன் பாதி இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. கைப்பிடிப் பாதி. அதன் நுனித் துளையில் நீ கோத்த கயிறு அப்படியே இருக்கிறது. உன் மணிக்கட்டைச் சுற்றியிருந்த இடத்தில் மட்டும் ஆஸ்பத்திரியில் கத்தரியால் வெட்டியிருக்கிறார்கள். வேலை விட்டு வந்ததும் துணியில் எண்ணெய் தொட்டு இதன் உடைந்த முகத்தைத் துடைக்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் ஈரத்தில் இரும்பைச் சும்மா போட்டால் துரு பிடித்துவிடும். துரு மூடிவிட்டால் உடைந்த விதம் யாருக்கும் தெரியாமல் போய்விடும். அவர்கள் காத்திருப்பது அதற்காகத்தான். எண்ணெய் வாசனை அறையில் பரவும்போதெல்லாம் நீ சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, "டேய், தண்ணி வச்சிருக்கியா?" என்று கேட்பதுபோல இருக்கிறது.

இந்தக் கயிற்றைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். நம் பட்டறையில் கிரேன்மேல் ஏறி நட்டு முடுக்குகிற பிட்டர் எவனும் ஸ்பானரைக் கையில் கட்டாமல் ஏறமாட்டான். கீழே நாலு பேர் தலை குனிந்து வேலை செய்வார்கள். மேலிருந்து சாமான் விழுந்தால் தலை பிளக்கும். துரை போட்ட சட்டமல்ல அது, நாம் நமக்குப் போட்டுக்கொண்டது. அந்த வழக்கம் இல்லாதிருந்தால் இந்தப் பாதியும் குப்பைக்குப் போயிருக்கும். நீ கை தவறி விழுந்தாய் என்று அவர்கள் எழுதியதுதான் வேதவாக்காகியிருக்கும்.

பட்டறை ஸ்பானரை நம்பாமல் நல்ல சாமான் தேடி நாம் அலைந்த அலைச்சலை நினைத்தால் இப்போது சிரிப்பு வருவதில்லை, அன்றைக்குச் சிரித்தோம். பட்டணத்தில் ஒரு கடை விடவில்லை. பளபளவென்று மெருகு போட்டு, சீமைக் கம்பெனிப் பெயரைக் குத்தி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருப்பார்கள். நீ அந்தப் பெயரைப் படிக்கவே மாட்டாய். துணிப் பையிலிருந்து ஒரு துண்டுத் தண்டவாளத்தை எடுத்துக் கடைப்பலகையில் வைப்பாய்.

"அண்ணே, இதுமேல வச்சு நீங்களே சுத்தியலால ஒரு போடு போடுங்க."

"என்னப்பா, சாமான் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? தட்டிப் பாக்குற, கொட்டிப் பாக்குற?"

"பொண்ணு கோவிச்சுக்கிட்டா சமாதானம் பண்ணிக்கலாம் அண்ணே. இது கோவிச்சுக்கிட்டா முப்பதடி கீழ விழணும்."

கடைக்காரர் சிரிப்பார், அடிக்க மட்டும் மாட்டார். நீ தண்டவாளத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவாய். தெருவுக்கு வந்ததும் சொல்வாய்: "தான் விக்கிற சாமானத் தானே அடிச்சுப் பாக்கப் பயப்படுறான். நான் எதுக்குடா அத நம்பி மேல ஏறணும்?"

அடித்துக் காட்டியவன் கிள்ளானில்தான் கிடைத்தான். ஒரு விடுமுறை நாளில் ரயிலேறிப் போனோம். ஆற்றுத்துறைக்குப் பக்கத்தில், கயிறும் கருவாடும் மணக்கிற சந்தில், ஒரு சீனத் தவுக்கே கடை. தண்டவாளத்தைக் கண்டதும் அவன் உன்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு கைச்சட்டையை மேலே சுருட்டி, தானே சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தான். கணீரென்று மணி அடித்தது போலிருந்தது. உனக்கு ஆசை விடவில்லை, பக்கத்தில் கிடந்த பெரியதையும் எடுத்தாய். அவன் அதை உன் கையிலிருந்து பிடுங்கினான்.

"இத்து தா பாயிக். ஜாங்கான் அம்பில்."

நல்லதில்லை, எடுக்காதே என்கிறான்! வாங்க வந்தவனிடம் எதை வாங்கக்கூடாது என்று சொல்கிற வியாபாரியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். திரும்பும் ரயிலில் நீ அந்த ஸ்பானரைச் சன்னல் கம்பியில் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே வந்தாய். எதிரில் இருந்த பெரியவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பூசை எப்ப முடியும்?" என்று கேட்டார். பெட்டியே சிரித்தது.

மறுநாள் நீ செய்ததை நான் செய்திருக்கமாட்டேன். கிள்ளான் ஸ்பானரையும் பட்டறை ஸ்டோர் ஸ்பானரையும் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியின் சன்னலுக்கு முன்னால் போய் நின்றாய். ஒன்றைத் தட்டினாய், கணீரென்றது. மற்றதைத் தட்டினாய், ஓட்டைப் பானை போல மொத்தென்றது.

"ஐயா, இது வார்ப்பு. உருக்கி ஊத்தி மேல மெருகு போட்டது. கிள்ளான்ல நல்லது இருக்கு. அங்க வாங்கச் சொல்லுங்க."

"அதுல பேர் குத்தியிருக்கு பாத்தியா? சீமைச் சாமான்."

"பேர் குத்த சீமைக்கா போகணும்? நாலு உளியும் ஒரு திண்ணையும் போதுமே ஐயா."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். உன் உயிருக்கு உலை வைத்தது அந்தச் சிரிப்புதான். ஸ்டோருக்குச் சாமான் தருகிற வியாபாரியின் வண்டி தீபாவளிக்குக் கிராணி வீட்டிலும் கிறிஸ்துமசுக்குத் துரை பங்களாவிலும் நிற்பது ஊருக்கே தெரியும். கிள்ளான் தவுக்கேயின் வண்டி யார் வீட்டிலும் நிற்காது. வியாபாரி நம்பிக்கையானவனா என்று இங்கே பார்க்கிறார்கள்தான். யாருக்கு நம்பிக்கையானவன் என்பதில்தான் சூது இருக்கிறது.

அந்த வாரமே வாசலில் புதுச் சட்டம் வந்தது. தொழிலாளி சொந்தச் சாமான் கொண்டுவரக்கூடாது. கொண்டுவந்தால் பட்டறைச் சாமானைத் திருடிக்கொண்டு போக வசதியாம். வாசல் காக்கும் ஜாகா உன் பையைத் துழாவி அந்த ஸ்பானரை எடுத்தான். "நான் என்னா செய்றது, ஆர்டர்லா," என்றான், உன் முகத்தைப் பார்க்காமல். அது ஸ்டோருக்குப் போனது. உன்னைத் திருடன் என்று சொல்லி உன் பொருளை எடுத்துக்கொண்டார்கள். நான் சத்தம் போட்டேன். நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். "விடுடா, மேல ஏறி இன்னிக்கு அந்த நட்டை முடுக்கணும். கீழ சண்டை போட்டுட்டு மேல ஏறுனா கை நடுங்கும்."

ஸ்டோரில் கொடுத்த ஸ்பானரைக் கையில் கட்டிக்கொண்டு ஏறினாய். கை நடுங்கவில்லை. கீழே நின்று பார்த்தவன் நான். இரண்டு காலையும் ஊன்றி, உடம்பு முழுவதையும் போட்டு இழுத்தாய். 'டப்'பென்று ஒரு சத்தம். அதற்கப்புறம்தான் நீ பின்பக்கமாகச் சாய்ந்தாய். சத்தம் முன்னால், சாய்ந்தது பின்னால். இதை நான் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். உன்னைத் தூக்கியபோது பாதி ஸ்பானர் கையில் கட்டியபடி தொங்கிற்று. வாய்ப் பாதி மேலே, நட்டிலேயே கவ்விக்கொண்டு நின்றது. உன்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நான் வருவதற்குள் அதைக் கழற்றிவிட்டார்கள். நட்டுக்குப் புதுச் சாயமும் பூசியாயிற்று. உன்னைக் கிடத்தித் தூக்கிப் போக ஏணி தேடினோம், கிடைக்கவில்லை. சாயம் பூச ஏணி கிடைத்திருக்கிறது.

கவனக்குறைவு என்று எழுதினார்கள். கவனக்குறைவால் செத்தவன் குடும்பத்துக்கு உதவி கிடையாது. பட்டறை கொடுத்த லயத்து வீட்டையும் மாத முடிவில் காலி செய்ய வேண்டும். உன் துணி மூட்டைக்குள் கிடந்த இந்தப் பாதியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தது உன் மனைவிதான். அவளையும் கூட்டிக்கொண்டு துரை அறைக்குப் போனேன். கிராணியே மொழிபெயர்க்க நின்றார்.

"துரை கேக்குறார், இது நம்ம ஸ்டோர் சாமான்னு என்ன அத்தாட்சி?"

"மத்தப் பாதி நட்டுல இருந்திச்சு. கழட்டினது உங்க ஆளு. ரெண்டையும் ஒட்ட வச்சுப் பாருங்க."

கிராணி அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. அப்போது அவள் சொன்னாள்: "அவரு கை தவறலைன்னு சொல்லச் சொல்லுங்க. வீட்டை வேணும்னா நாங்களே விட்டுடுறோம். என் புள்ளைங்க நாளைக்கு, அப்பன் வேலை தெரியாம விழுந்தான்னு கேக்கக்கூடாது."

விசாரிப்பதாகச் சொன்னார்கள். வீடு வேண்டாம் என்று அவள் சொன்னதை மட்டும் விசாரணை இல்லாமலே ஏற்றுக்கொண்டார்கள். இப்போது அவள் பிள்ளைகளோடு பண்டமாரானில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

போன வாரம் ஒன்று பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன். ஸ்டோருக்குப் பின்புறம் கிராணி தன் சைக்கிளைச் சாய்த்து வைத்துச் சக்கரத்து நட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். கையில் இருந்தது உன் கிள்ளான் ஸ்பானர். ஸ்டோர் நிறையச் சீமை முத்திரை குத்திய ஸ்பானர்கள் இருக்கின்றன. தன் சைக்கிளுக்கு அவற்றில் ஒன்றை எடுக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. உன்னைக் கொன்றதோடு அதே பெட்டியில் வந்ததைத்தான் இன்று காலையும் ஒவ்வொரு பிட்டர் கையிலும் கொடுத்து மேலே அனுப்பினார்.

அதனால் தினமும் சங்கு ஊதியதும் அந்தச் சன்னலுக்குப் போகிறேன். வேலை போய்விடும் என்கிறார்கள். போகட்டும். உன் கயிற்றை முடிந்து என் மணிக்கட்டில் போட்டுக்கொள்கிறேன். பாதி ஸ்பானர் கையிலிருந்து தொங்கும். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் முன்பெல்லாம் விலகிப் போனார்கள். இப்போது சிலர் நிற்கிறார்கள். ஸ்பானரை வாங்கியதும் சுவரில் தட்டிப் பார்க்கிறார்கள்.

இன்றைக்கும் போனேன். சன்னல் சாத்தியிருந்தது, உள்ளே ஆள் நடமாட்டம் தெரிந்தது.

"கிராணி ஐயா, மத்தப் பாதியக் கொண்டு வாங்க. எல்லாருக்கும் முன்னால இதோட வச்சுப் பாப்போம். பொருந்தலைன்னா நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடுறேன்."

உள்ளே யாரோ இரும்பைச் சிமெண்டுத் தரையில் வைத்தார்கள். கணீரென்றது. அந்தச் சத்தத்தை நான் கிள்ளானிலிருந்து வழி நெடுகக் கேட்டு வந்தவன்.

சன்னலைத் தட்டி மறுபடி கேட்டேன்.

"மத்தப் பாதி எங்கே?"