கல்யாணத்துக்கு ஒரு மூட்டை பார்லி

15 ஆகஸ்ட் 2009, சனி

நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன். டாம்சின் இப்போது கடைனா டவுன் ஆஸ்பத்திரியில் வெறும் நர்ஸ் இல்லை, ஒரு வார்டுக்கே பொறுப்பு. ஹீத்துக்குக் கப்பற்படையில் சட்டைக் கையில் இன்னொரு பட்டை ஏறிவிட்டது. சின்னவள் ப்ரான்டி நீச்சலில் முதல், முதுகு நீச்சலிலும் முதல். மூன்றும் என் மகள் லீயானின் பிள்ளைகள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளின் பேரப்பிள்ளைகள் இவர்கள். எழுதிவைக்க வேண்டாமா?

டாம்சினுக்கு அக்டோபர் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை ப்ரென்ட். அவன் அப்பா டெஸ் பார்லி விவசாயி, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர். இன்று வந்து ஒரு சின்ன மூட்டையை வராந்தாவில் இறக்கினார். முளைகட்டிக் காயவைத்த பார்லி, அவர் வயலில் விளைந்தது. அடிலெய்டில் ஒருவரிடம் கொடுத்து இதற்கென்றே செய்து வாங்கியிருக்கிறார். விளைச்சலில் மற்றதெல்லாம் விற்றுக் கப்பலேறிப் போய்விட்டதாம்.

“வாழ்த்துச் சொல்லி எல்லாரும் கிளாஸைத் தூக்குவாங்கல்ல, அதுல நம்ம பார்லி இருக்கணும். நீங்க பீர் போடுவீங்கன்னு டாம்சின் சொன்னா.”

தலையை ஆட்டிவிட்டேன். அவர் வண்டி திரும்பிய பிறகுதான் எதற்குத் தலையை ஆட்டினேன் என்று உறைத்தது. நான் போடுவது டின் பீர். டின்னைத் திறந்தால் தேன் மாதிரி சத்து, வெந்நீர், சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிளாஸ்டிக் பீப்பாய். அவ்வளவுதான் என் வித்தை. தானியத்திலிருந்து நான் ஒரு சொட்டுகூட எடுத்ததில்லை.

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? பெருமைதான், வேறென்ன.

18 ஆகஸ்ட்

கடைனாவில் பீர் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் நீல் சொன்னார்: தண்ணீர் காய்ச்ச ஒரு பாத்திரம், தானியம் ஊற சூடு போகாத ஒரு பெட்டி, வடித்ததைக் கொதிக்கவைக்க இன்னொரு பெரிய பாத்திரம், ஆறவைக்கச் செம்புச் சுருள், வெப்பமானி. தானியத்தை உடைக்க உருளை வேறு. கேட்கக் கேட்க என் சமையலறை சின்னதாகிக்கொண்டே போனது.

ஊறவைக்கும் பெட்டிக்கு ஐஸ் பெட்டியே போதுமாம். குளிரைப் பிடித்துவைப்பது சூட்டையும் பிடித்துவைக்கும். என்னிடம் நீல நிற ஐஸ் பெட்டி ஒன்று இருக்கிறது. அடியில் குழாய் வைத்துத் தந்தார். தானியம் அடைக்காமல் வடிய, உள்ளே போட ஓட்டை போட்ட செம்புக் குழாயும் தந்தார்.

23 ஆகஸ்ட்

பெட்டியில் வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்தும் சூடு அப்படியே. கொட்டகையில் கவிழ்த்துவைத்தேன். செம்புக் குழாய் அலமாரியில்.

30 ஆகஸ்ட்

பாதி தானியத்தை டெஸ்ஸே ஆட்டுத் தீவனம் நசுக்கும் உருளையில் உடைத்துக் கொடுத்தார். ஒரு தடவைக்குப் பாதி போதும். மீதியை இருக்கட்டும் என்று கட்டிவைத்தேன்.

6 செப்டம்பர், ஞாயிறு

போச்சு.

வெந்நீரைப் பெட்டியில் ஊற்றி, தானியத்தைக் கொட்டிக் கிளறி, மூடினேன். முதலில் ரொட்டி வேகிற வாசம். ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் தூக்கினால் மீன். சாதாரண மீன் வாசம் இல்லை, படகுத் துறையில் வெயிலேறிய பிறகு அடிக்கிற அது.

மருமகன் காரியைக் கூப்பிட்டேன். போன வாரம் வைட்டிங் மீன் பிடிக்கப் போனபோது கொட்டகையில் ஐஸ் பெட்டி கண்ணில் பட்டதாம், எடுத்துப்போனானாம்.

“குழாய் இருந்துச்சே வெர்னா. ஐஸ் உருகின தண்ணி வடியறதுக்குத்தான் வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். நல்ல யோசனைன்னு பசங்ககிட்டகூட சொன்னேன்.”

சோப்புப் போட்டுக் கழுவித்தான் வைத்தானாம். கழுவினான், சரி. வெந்நீர் படப்படப் பிளாஸ்டிக் குடித்ததை எல்லாம் கக்கிவிட்டதே. அவனை என்னவென்று திட்டுவது? இந்த ஊரில் ஐஸ் பெட்டியைப் பார்த்து மீன் ஞாபகம் வராதவன் யார்?

எல்லாவற்றையும் கோழிகளுக்குக் கொட்டினேன். அவை சந்தோஷமாகத் தின்றன. டெஸ் வயலில் விளைந்தது. மீதி பாதிதான் இருக்கிறது. அதுவும் கெட்டால், கிளாஸைத் தூக்கும்போது கடை பீர்.

7 செப்டம்பர்

டெஸ்ஸிடம் சொல்லித்தானே ஆக வேண்டும்? காலையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன், இதுவரை டின்னில்தான் போட்டேன் என்பதையும் சேர்த்து.  திட்டப்போகிறார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

“என்ன மீனு?”

“வைட்டிங்.”

“பெரிசா?”

“நல்ல பெரிசுதான்னான்.”

“எங்க புடிச்சானாம்?”

அப்பாடா. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மீதியை உடைக்க எப்போது கொண்டுவரப்போகிறேன் என்று கேட்டுவிட்டு வைத்தார்.

9 செப்டம்பர்

புதுப் பெட்டி வாங்கலாமா என்று நீலிடம் கேட்டேன். பெட்டியே வேண்டாம் என்கிறார். நம் நாட்டிலேயே ஆட்கள் கண்டுபிடித்த வழியாம்: ஒரே பெரிய பாத்திரம், அதற்குள் துணிப் பை, பைக்குள் தானியம். ஊறியதும் பையைத் தூக்கிவிட்டு அதே பாத்திரத்தில் கொதிக்கவைக்க வேண்டியதுதான். ஆறவைக்கச் சுருளும் வேண்டாம், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்க் கேனில் ஊற்றி மூடிவைத்தால் தானே ஆறிவிடும்.

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன? விற்கிறவர், அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்.

ஆனால் அவ்வளவு பெரிய பாத்திரம்? ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மெர்லிடம் போக வேண்டும். கடவுளே.

11 செப்டம்பர்

மெர்ல்தான் பெண்கள் சங்கச் செயலாளர். மண்டபத்து டீ பாய்லர் சாவி அவள் கழுத்தில்தான் தொங்கும்.

“டீ பாய்லர்ல பீரா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாடி?”

பாய்லரில் இருக்கிறவரை அது பீரே இல்லை, இனிப்புத் தண்ணீர்தான், ஈஸ்ட் போட்ட பிறகுதான் பீர் என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

“அப்போ சங்கம் குடுக்கறது இனிப்புத் தண்ணிக்கு.”

“ஆமா.”

“அப்படின்னே எழுதிக்கறேன். ஆனா ஒண்ணு வெர்னா, திரும்பி வரும்போது டீயில பீருக்குப் போடற பூவோட வாசம் அடிச்சுதோ, உன்னைச் சும்மா விடமாட்டேன்.”

ஜாம் காய்ச்சும் வெப்பமானியையும் கையில் திணித்தாள்.

13 செப்டம்பர்

பழைய ஜன்னல் திரை ஒன்றைத் துவைத்துத் துவைத்துப் பையாகத் தைத்தேன். இரட்டைத் தையல். நீர் சட்டென்று வடிகிறது, நொய் தங்கிவிடுகிறது.

19 செப்டம்பர், சனி

காரி விடிந்ததுமே வந்துவிட்டான். கூப்பிடவில்லை. படகில் இருக்கும் கப்பியையும் கயிற்றையும் கொட்டகை உத்தரத்தில் கட்டினான். ஊறிய பையை ஒற்றை ஆள் தூக்க முடியாது என்று யாரோ சொன்னார்களாம். கயிறு படகிலிருந்து வந்தது என்றதும் மோந்துபார்த்தேன். புதுக் கயிறாம், நேற்றுதான் வாங்கினானாம்.

பாய்லரில் தண்ணீர், பை, பைக்குள் தானியம். சூடு போகாமலிருக்க மேலே பழைய ஸ்லீப்பிங் பேக் ஒன்றைப் போர்த்தினோம். மூடியைத் திறக்கவே பயம். திறந்தேன். ரொட்டி. ரொட்டி மட்டும்தான். காரியும் முகத்தை விட்டுப் பார்த்தான், வெகுநேரம் எடுக்கவே இல்லை.

கயிற்றை இழுத்துப் பையைத் தூக்கினான். மாடு பால் சுரப்பதுபோல் வடிந்தது. பிறகு கொதி, கசப்புக்கும் வாசத்துக்கும் ஹாப்ஸ் பூ, மறுபடி கொதி. கேன் நிறைந்ததும் காரி பிடித்துக்கொள்ள, நான் மூடியைத் திருகினேன்.

21 செப்டம்பர்

ஈஸ்ட் போட்டாயிற்று. பாய்லரை மூன்று தடவை தேய்த்துக் கொடுத்தேன். மெர்ல் என் முன்னாலேயே டீ போட்டுக் குடித்துப் பார்த்தாள். கோப்பையைக் காலி செய்துவிட்டு இன்னொன்று ஊற்றிக்கொண்டாள். அதுவே பெரிய விஷயம்.

22 செப்டம்பர்

பீப்பாய் குமிழி விடுகிறது. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

4 அக்டோபர்

புட்டியில் அடைத்தோம். மூடி போட்டது காரி. ஒரு வாய் ருசித்தேன், இன்னும் நுரையில்லாத வெறும் தண்ணீர்தான். ஆனால் மீன் இல்லை.

25 அக்டோபர், ஞாயிறு

நடந்து முடிந்தது. டாம்சின் அவ்வளவு அழகு, அதை எழுத எனக்கு எழுத்துப் போதாது. வாழ்த்து நேரத்தில் எல்லோரும் எழுந்து கிளாஸைத் தூக்கினார்களாம். டெஸ் குடித்தார், கீழே வைத்தார், கிளாஸைப் பார்த்தார், மறுபடி எடுத்துக் குடித்தார் என்று லீயான் சொன்னாள். அப்புறம் காரியைத் தேடிப் போய், அடுத்த சனிக்கிழமை எந்தத் துறையிலிருந்து படகு எடுக்கிறான் என்று கேட்டாராம்.

அந்த நேரம் எனக்கு அடுப்படியில் கேக் வெட்டும் வேலை. வெளியே வந்து பார்த்தால் எல்லாப் புட்டியும் காலி. எடுத்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். நன்றாக இருந்ததாக எல்லோரும் சொல்கிறார்கள். நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

டாம்சினுக்குக் கடிதம் எழுத வேண்டும். தேனிலவு முடிந்து வந்ததும் ஒரு கல்யாணப் படம் தபாலில் போடச் சொல்ல வேண்டும். கல்யாண உடுப்பு தெரிகிற படம் லீயான் கொடுப்பாள். எனக்கு வேண்டியது வாழ்த்துக்கு முன்னால் மேஜையை எடுத்த படம், கிளாஸெல்லாம் நிறைந்திருக்கிற படம். கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். நுரை எவ்வளவு நின்றது என்று பார்க்கணும்.