என் பக்கத்து பிரேக்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம், உன் தங்கையும் அவள் பிள்ளைகள் இரண்டும் சௌக்கியம், அங்கே நீயும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள், கப்பலில் இருக்கும் மாப்பிள்ளைக்கும் கடல் அடங்கிக் கிடக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தைத் தூக்கினார் என்று நீ யோசிப்பாய். இரண்டு தடவை கூப்பிட்டேன், இரண்டு தடவையும் அங்கே மழையா வெயிலா என்று கேட்டதோடு சரி, அதற்கு மேல் வாய் வரவில்லை. எழுதினால்தான் எனக்குச் சரிப்படும்.

போன மாதம் நீ கேட்டாய், பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்து நாத்தனார் வீடு வரைக்கும் நானே ஓட்டிக்கொண்டு போகட்டுமாப்பா, ஆறு மணி நேரம் ஆகும் என்று. நீ அங்கே லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகிறது, பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறாய் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வேண்டவே வேண்டாம், ரயிலில் போ என்றேன். அன்னிக்கு ரவுண்டானால ஆன மாதிரி ஆயிடும்னு பயப்படுறீங்களா என்று கேட்டாய். ஆமாம் என்றேன். சரிப்பா என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து உன் அம்மா காபியை மேஜையில் டக்கென்று வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். முப்பத்தோரு வருஷம் ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், பெற்ற பெண்ணை ரயிலில் போகச் சொல்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள். சொல்லட்டும்.

போன வாரம் அத்தையைப் பார்க்கப் போனோம். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டோடு இருக்கிறாள், அவள் பிள்ளைகள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கிவிட்டார்கள், அண்ணனான நான் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை என்று ஒரு முணுமுணுப்பு காதுக்கு வந்தது. ஏழு மணி நேர ஓட்டம். தங்கைதான் ஓட்டினாள். அவளுடைய கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் என்னுடைய பழைய பயிற்சி வண்டியையே எடுத்தோம். மேலே இருந்த டிரைவிங் ஸ்கூல் பலகையைக் கழற்றிவிட்டேன், கற்றுக்கொடுக்கிறவர் அமுக்குவதற்கென்று வைத்த என் பக்கத்து பிரேக்கைக் கழற்றவில்லை. அம்மா வரவில்லை, ஏழு மணி நேரம் உட்கார என் இடுப்பு தாங்காது என்றாள், உண்மையில் என்னோடு ஏழு மணி நேரம் உட்காருவதுதான் தாங்காது. பின்னால் தங்கையின் பிள்ளைகள், ஆளுக்கொரு குழந்தை சீட்டில். பெரியவளுக்கு ஆறு வயது, எதைச் சொன்னாலும் காரணம் கேட்பதால் வக்கீல் என்று நான் வைத்த பேர் நிலைத்துவிட்டது, சின்னவன் மூன்றரை வயது வாண்டு. விடியும் நேரத்துக்குக் கிளம்பினோம். முன்னால் போன லாரி இண்டிகேட்டர் போட்டது, நான் பிரேக்கை அமுக்கினேன், தண்ணீர் பாட்டில் உருண்டது. டோல்கேட்டுக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே ஒரு அமுக்கு. மூன்றாவதாக ரோட்டோரம் கிடந்த அட்டைப்பெட்டிக்கு ஒன்று. உன் தங்கை ஓரமாக நிறுத்தினாள், இண்டிகேட்டர் எல்லாம் ஒழுங்காகப் போட்டுத்தான் நிறுத்தினாள், அப்பா பின்னாடி போய் உக்காருங்க, இல்லேன்னா இறங்கி பஸ்ல வாங்க என்றாள். தாத்தா தப்பு பண்ணிட்டாரா என்று வக்கீல் கேட்டது. ஆமா, மூணு தப்பு என்றாள் அம்மாக்காரி.

இரண்டு குழந்தை சீட்டுக்கும் நடுவில் மடித்துவைத்த குடை மாதிரி உட்கார்ந்துகொண்டு வந்தேன். ஆனால் பின்னால் உட்கார்ந்தால்தான் சில விஷயங்கள் தெரிகின்றன, உனக்கு உதவும் என்று எழுதுகிறேன். கிளம்புவதற்கு முன் பால் கொடுக்காதே, கொடுத்தால் என் சட்டைக்கு ஆன கதிதான். படம் பார்க்கிற புத்தகத்தை ஓடுகிற வண்டியில் கையில் கொடுக்காதே, தலை சுற்றி அதுவும் சட்டையில்தான் முடியும். மாற்றுத் துணியை டிக்கியில் அடியில் வைத்துவிட்டு நடுரோட்டில் எல்லாப் பெட்டியையும் இறக்கினோம், நீ ஒரு பையில் போட்டு முன் சீட்டிலேயே வைத்துக்கொள். அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்து. இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று மட்டும் சொல்லிவிடாதே, கொஞ்சம்னா எத்தனை என்று வக்கீல் பிடித்துக்கொண்டது. தங்கைதான் பத்து சிவப்பு லாரி எண்ணு, பத்தாவது வந்ததும் நிறுத்துறேன் என்றாள். வாண்டு நாலாவது லாரியில் தூங்கி, கண்ணைத் திறக்காமலே பத்து என்று சொல்லி எல்லாரையும் ஏமாற்றப் பார்த்தான். போய் இறங்கினதும் இரண்டும் அம்மா காலைக் கட்டிக்கொண்டு முகத்தைக் காட்ட மாட்டேன் என்றன, அஞ்சு நிமிஷத்தில் அத்தையின் பேரன் பேத்திகளோடு சேர்ந்து மாயமாகிவிட்டன. அத்தை பிடித்து நடக்கிற வாக்கரை வாண்டு தன் வண்டி என்று நினைத்து அதில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றான், அத்தை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், ஆபரேஷனுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் அத்தை சிரிக்கிறாங்க என்றாள் அவள் மருமகள். அத்தை உன்னையும் விசாரித்தாள். பெரியவ இன்னும் வண்டி தொடறதில்லையா, எவ்வளவு ஆசையா கத்துக்கிட்டா என்றாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

திரும்பும்போது தங்கை மனசு இரங்கி என்னை முன்னால் உட்காரவைத்தாள், காலை மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. பாதி வழியில் ஒரு சந்திலிருந்து ஸ்கூட்டர்காரன் ஒருவன் இடது வலது பார்க்காமல் குறுக்கே பாய்ந்தான். என் கால் தானாக எழும்பியது. கால் போய்ச் சேர்ந்தபோது பெடல் ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தது. உனக்குத் தெரியுமோ தெரியாதோ, அந்த வண்டியில் இரண்டு பெடலும் ஒரே கம்பியில் கட்டியது, ஓட்டுகிறவர் அமுக்கினால் என் பக்கத்து பெடலும் கூடவே இறங்கும். வண்டி நின்றது, பின்னால் பிள்ளைகள் விழிக்கக்கூட இல்லை, தங்கை மெதுவாகக் கியரைப் போட்டுக் கிளம்பினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், தூங்கிட்டீங்களா என்று கேட்டாள், ஆமாம் என்றேன்.

அம்மாடி, அன்றைக்கு ரவுண்டானாவில் சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பெண் நீ ஓட்டிய இதே வண்டிக்கு முன்னால் சாய்ந்தாளே, நான் நடுரோட்டில் எல்லாரும் பார்க்க உன்னைப் பார்த்துக் கத்தினேனே, நான் மட்டும் அமுக்கலேன்னா அந்தப் பொண்ணு இன்னிக்கு இல்லன்னு. நீ சாவியை என் மடியில் வைத்துவிட்டு இறங்கி நடந்தாய், பதினாலு வருஷம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அன்றைக்கும் என் கால் போனபோது பெடல் கீழேதான் இருந்தது. அமுக்கினது நீ. அந்தப் பதற்றத்தில் யார் கால் முந்தியது என்று உனக்குத் தெரியவில்லை, நான் கத்தினதை நம்பிவிட்டாய். அந்த நொடியே எனக்குத் தெரியும், மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். நான் பயந்துவிட்டதை நீ பார்த்துவிடக் கூடாது என்று கத்தினேன். மறுநாள் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் இனிமே ஓட்டவே மாட்டேன் என்று நீ சொன்னதும் சரி, ஒரு கவலை விட்டது என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதிதான் என் வாயைக் கட்டிப்போட்டது. இத்தனை வருஷம் ஒரு குழந்தையைக் கொல்லப் பார்த்தவள் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். அந்தப் பெண்ணைக் காப்பாற்றியதே நீதான் கண்ணு.

நாத்தனார் வீட்டுக்கு நீயே ஓட்டிக்கொண்டு போ. டயரில் காற்று பார்த்துக்கொள், ஸ்டெப்னியிலும் பார். இதைப் படித்து என்மேல் கோபம் வரும், வரட்டும், அது நியாயம்தான், ஆனால் கோபத்தோடு வண்டியை எடுக்காதே, இரண்டு நாள் கழித்து எடு. நீயும் பிள்ளைகளும் எந்த வழியில் போனாலும் உங்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது, நான் கும்பிடுவது இது ஒன்றைத்தான். இந்தக் கடிதத்தை ஒட்டாமல் மேஜைமேல் வைக்கிறேன். உன் அம்மா படித்துவிட்டு ஒட்டட்டும், அவளுக்கும் நான் சொன்னதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா