கீறல் விழுந்த சீக்கோ

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். நீங்களும் நலம்தானே? விவாகரத்துத் தீர்ப்பு வந்து இரண்டு வருஷம் ஆன பிறகும் மாப்பிள்ளை என்றே எழுதுகிறேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களோடு கைக்கடிகாரம் பற்றிப் பேசாமல் பொழுதே போகமாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுச் சந்தையில் இரண்டு பழைய சீக்கோ கடிகாரம் பார்த்தேன். ஒன்று புத்தம்புதுசாக மின்னுகிறது. மற்றதற்கு உடம்பெல்லாம் கீறல். கடைக்காரன் மின்னுவதைத்தான் என் தலையில் கட்டப் பார்க்கிறான். எதை எடுக்கட்டும்?

உங்களுக்கு எழுதுவது மகளுக்குத் தெரியாது. தெரிந்தால் மனம் நோவாள்.

அன்புடன்,
மாமா

மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் லிஃப்ட் பழுது பார்க்கப் போகாமல் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, உள்ளே யாரும் மாட்டியிருக்கவில்லை.

மின்னுவதை விட்டுவிடுங்கள். ஐம்பது வயசுக் கடிகாரத்துக்கு முகம் மட்டும் பச்சைப்பிள்ளை மாதிரி இருந்தால், யாரோ வர்ணம் பூசியிருக்கிறார்கள். லென்ஸ் வைத்து எழுத்துகளைப் பாருங்கள், ஓரம் பிசிறடிக்கும். கீறல் விழுந்ததை எடுங்கள். விளிம்புகள் தேய்க்கப்படாமல் கூர்மையாக இருக்க வேண்டும். பின்மூடி எண்ணில் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். அது அந்த மாடலின் காலத்தோடு பொருந்த வேண்டும். வாங்கிய பிறகு முகப்பை மட்டும் தொடாதீர்கள்.

இன்னொன்று, மாமா. அவளுக்குத் தெரியாமல் எழுத வேண்டாம். நான் அவளிடம் மறைத்ததெல்லாம் போதும். அவள் வேண்டாம் என்றால் இதோடு நிறுத்திக்கொள்வோம். எனக்கும் கஷ்டம்தான்.

என்ன உறவு சொல்லிக் கையெழுத்துப் போடுவது என்று தெரியாத,
லிஃப்ட்காரன்

ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கீறல் விழுந்ததையே வாங்கினேன். வாங்கிக் கெடுத்தேன். நாற்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடையில் துடைத்த கை, சும்மா இருக்குமா? பின்மூடியைத் திறந்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, முகப்பை ஈரத்துணியால் ஒரே ஒரு துடை துடைத்தேன். பெயரில் பாதி எழுத்து துணியோடு வந்துவிட்டது.

தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து என்ன ஆச்சு என்றாள். எனக்குப் பொய் வரவில்லை. உங்கள் கடிதத்தை எடுத்து நீட்டிவிட்டேன்.

வாங்கிப் படித்துவிட்டு, மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "கோர்ட்டுல எனக்கும் அவருக்கும்தான்பா முடிஞ்சுது. உங்களுக்கும் அவருக்கும் முடிஞ்சுதுன்னு யாரு சொன்னது? எழுதுங்க. எனக்குப் பயந்துக்கிட்டு ஒளிஞ்சு எழுதினீங்க பாருங்க, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

இப்போது கூடத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தக் கடிகாரத்தை என்ன செய்யட்டும்?

மாமா

ஏப்ரல் 10

அன்புள்ள மாமாவுக்கு,

ஒன்றும் செய்ய வேண்டாம். வர்ணம் பூசக் கொடுக்காதீர்கள். சேகரிக்கிறவர்கள் இனி அதைச் சீண்டமாட்டார்கள். ஓடுகிறதல்லவா, கையில் கட்டிக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு நாளில் கோர்ட் வாசலில் எனக்காக நின்றுகொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன். உங்கள் முகத்தில் விழிக்கத் தைரியமில்லாமல் பின்பக்கமாகப் போய்விட்டேன். இரண்டு வருஷமாக அது உறுத்துகிறது. மன்னித்துவிடுங்கள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சந்தைக்கு வருகிறேன். முன்வாசலிலேயே நிற்பேன்.

உங்கள்,
மாப்பிள்ளை