பெயருக்குப் பின்னால் ஒரு குறி

ஜூன் 4

மகளுக்கு,

நம் குடும்பத்தார் பெயர்களையெல்லாம் தொகுத்து ஒரு சின்னப் புத்தகம் போடுகிறேன். ஓய்வு பெற்றபின் கம்ப்யூட்டர் பழகிக்கொண்டேன், இரண்டு விரல்தான். மறைந்தவர் பெயருக்குப் பின்னால் சிறிய கத்தி போல ஒரு குறி போடுவார்களே, அது வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரன், "ப்ளஸ் போட்டுக்கங்க சார், செத்தவங்க வந்து சண்டையா போடப்போறாங்க?" என்கிறான். நீ அச்சகத்தில் இருப்பவள். எப்படி அடிப்பது என்று எழுது. வேறு விஷயம் இல்லை.

அப்பா

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டு நான் வேலைக்குக் கிளம்பி வந்து நான்கு வருடம். இப்போதுதான் உங்கள் கையெழுத்தைப் பார்க்கிறேன். உறையைக் கிழிக்க மனம் வராமல் ஓரத்தை பிளேடால் வெட்டினேன். மேற்பார்வை அக்கா, "என்னடி, முகத்துல பல்பு எரியுது?" என்றார். "அப்பா லெட்டர் போட்டிருக்கார்க்கா" என்றேன். அதற்குமேல் சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்தக் குறியை நாங்கள் டேகர் என்போம். Alt விசையை அழுத்தியபடியே, வலது ஓரத்து எண் விசைகளில் 0134 அடியுங்கள். விரலை எடுத்ததும் விழும்.

நான் கிளம்பும்போது அம்மாவுக்கு இருந்த கால் வீக்கம் வடிந்ததா? நான் போட்ட கடிதம் எதற்கும் அவர் பதில் போடவில்லை. இன்னும் கோபமா?

உங்கள் மகள்

ஜூன் 15

மகளுக்கு,

நீ சொன்னபடியே அடித்தேன். குறிக்குப் பதில் 'ஞு' வந்து நிற்கிறது. உன் தாத்தா பெயருக்குப் பின்னால் ஞு எதற்கு? வம்சத்திலேயே முதல் பட்டதாரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். படிப்பு இவ்வளவுதானா?

அப்பா

ஜூன் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

படித்ததும் சிரித்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான், கேட்டிருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது பழைய எழுத்துரு. அப்போது கம்ப்யூட்டரில் தமிழுக்கென்று இடம் கிடையாது. அதனால் இந்த மாதிரிக் குறிகளை எழுப்பிவிட்டு அந்த இடங்களில் நம் எழுத்துகளை உட்காரவைத்தார்கள். யூனிகோடில் அந்தச் சண்டை இல்லை, ஒவ்வொன்றுக்கும் சொந்த எண் உண்டு. இந்தக் குறிக்கு 2020.

மாற்றித்தரும் மென்பொருளை இதோடு ஒரு பென் டிரைவில் வைத்திருக்கிறேன். மாற்றியபின், பெயரை ஒட்டி 2020 என்று அடித்து, Alt, X இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள்.

புத்தகம் அச்சானதும் வாங்கிக்கொள்ள நானே வரட்டுமா? அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவேன்.

உங்கள் மகள்

ஜூலை 2

மகளுக்கு,

இப்போது சரியாக விழுகிறது. பன்னிரண்டு பக்கம் அனுப்பியிருக்கிறேன். பிழை பார்த்து ஒரு வாரத்தில் அனுப்பு.

அப்பா

ஜூலை 6

அப்பா,

ஏழாம் பக்கத்தில் அம்மா பெயருக்குப் பின்னால் அந்தக் குறி இருக்கிறது. பக்கத்தில் போன வருடம் நவம்பர் 18 என்று தேதியும் இருக்கிறது.

கை தவறி விழுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அலுவலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தவறித் தவறி அடித்துப் பார்த்தேன். தானாக விழவே இல்லை. நான்கு எண்களை அடித்து, இரண்டு விசைகளை வேண்டுமென்றே அழுத்தினால்தான் வருகிறது.

டிசம்பரில் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்பினேனே. பெற்றுக்கொண்டதாக அம்மா பெயரில் கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வந்ததே. யார் போட்டது அப்பா?

கடைசியில் அம்மா என்னைக் கேட்டாரா? அதை மட்டும் எழுதுங்கள்.

ஜூலை 12

மகளுக்கு,

உன் கடிதத்தில் பிழைத்திருத்தம் ஒன்றும் இல்லாததால் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

உன் பெயருக்கும் குறி போடச் சொல்லி உன் அத்தை நச்சரித்தாள். நான் போடவில்லை. குறி போடுவதற்குப் புத்தகத்தில் பெயர் இருக்க வேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில். கேட்டாள். "அவளுக்குச் சொல்லி அனுப்புங்க" என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். "சொல்லியாச்சு, வரமாட்டேங்கிறா" என்றேன்.

அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அப்பா