ரீச்சரின் ஒற்றைச் சொல்

நவம்பர் 4, செவ்வாய்

மூடுபனி. ஹம் ஸ்டேஷனில் ரயில் இருபது நிமிடம் தாமதம். முதியோர் இல்லத்து வேலைக்கு ஓட்டமும் நடையுமாக.

பன்னிரண்டாம் அறைக்கு அந்தக் கிரேக்க அம்மா வந்து இன்றோடு மூன்று கிழமை. எலெனி, வயது 86. காலையில் தையல் ஆலை, பின்னேரம் கிரேக்கப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பு, இப்படியே முப்பது வருடமாம். எனக்கு மனதுக்குள் 'ரீச்சர்'. பாரிசவாதத்துக்குப் பிறகு ஜெர்மன் விளங்குகிறது, வாயில் வருவதில்லை. மிச்சம் பழைய மாணவர் பெயர்களும் 'நே' என்ற ஒரு சொல்லும். இந்தப் பக்கத்து ஜெர்மன்காரரும் 'இல்லை' என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள்.

இன்று கேட்டவை:
இன்னும் சாப்பாடு? நே. (தட்டை எடுத்தேன்.)
இடுப்பு நோகுதா? நே.
என்னில் கோபமா? நே. (சந்தோஷம்.)

கொப்பியில் எழுதியது: உணவு போதும். வலி இல்லை.

நவம்பர் 5, புதன்

மழை. புதுச் சப்பாத்து கடிக்கிறது.

மூன்று மணிக்கு ரீச்சர், வகுப்பில் வரவு பதிவதுபோல, இடாப்புக் கூப்பிட்டார். பதினாறு பெயர். ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை நிறுத்துகிறார். முதல் பெயர் மரியா. அதற்கு மட்டும் யன்னலோரக் கதிரையைப் பார்த்துத் தலையாட்டினார். வெறும் கதிரை.

அதில் யாரும் இருக்கிறார்களா என்று பகிடிக்குக் கேட்டேன். "நே."

பிறகென்ன, நானே அதில் இருந்துகொண்டு தேத்தண்ணி பருக்கப் போனேன். வாயை இறுக மூடிக்கொண்டார். கண் என் மடியிலேயே. உடம்பெல்லாம் புல்லரித்தது.

கூட வேலைசெய்யும் வசந்தி அக்காவிடம் சொன்னேன். "விசர்க்கதை கதைக்காதை. அந்த அறைக் குளிர் அப்பிடி. ஹீட்டரைக் கூட்டு."

நவம்பர் 7, வெள்ளி

மியூனிக்கில் இருந்து ரீச்சரின் மகன். முதல் தடவை. தாயிடம் கிரேக்கத்தில் ஏதோ கேட்டார். "நே" என்றார் ரீச்சர். மகன் தண்ணீரைப் பருக்கினார்.

"வேண்டாம் எண்டெல்லோ சொல்லுறா?" என்றேன்.

சிரித்தார். "எங்கட பாஷையிலை 'நே' எண்டா ஓம். இல்லையெண்டா 'ஓஹி'." (சொன்னது ஜெர்மனில். என் காதில் இப்படித்தான் விழுந்தது.)

கொப்பியை எடுத்துப் புரட்டினேன். இடுப்பு நோகுதா? ஓம். ஓம். ஓம். மூன்று கிழமையாக நான் 'வலி இல்லை' என்று எழுதி எழுதி. பாவி நான்.

மகனிடம் சொன்னேன். பொறுப்பாளரிடமும். டொக்டர் வந்து மருந்து எழுதினார். மகன் என்னை ஏசவில்லை, அதுதான் இன்னும் வெட்கம்.

மரியா யார் என்று அவரிடம் கேட்டேன். "என்ரை தங்கச்சி. ஏழு வயதிலை போயிட்டாள். அம்மான்ரை இடாப்பிலை அவள்தான் முதல் பேர்."

பஸ்ஸில் வரும்போது ஒன்று உறைத்தது. ரீச்சர் ஏன் ஒருநாளும் 'ஓஹி' சொல்லவில்லை? நான் கேட்டதெல்லாம் உண்மை என்பதால். அப்படியென்றால் கதிரை?

நவம்பர் 10, திங்கள்

வெயில், அதிசயம். பழைய சப்பாத்து. ரீச்சர் முழுத் தட்டும் சாப்பிட்டு, மேலே அரைத் தட்டு.

இடுப்பு நோகுதா? "ஓஹி." அந்தச் சொல் அவர் வாயில் முதல் தடவை.

என்னில் கோபமா? கன்னத்தைத் தடவி, "ஓஹி." அழுதுவிட்டேன்.

மூன்று மணி. இடாப்பு. மரியா. கேட்கவே கூடாது என்றிருந்தேன். கேட்டேன். அதில் யாரும் இருக்கிறார்களா?

ரீச்சர் கதிரையைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நே."

என் கைப்பை அந்தக் கதிரையில். எடுத்துவிட்டேன்.